சோடியம் மெத்தில் பாராபென்: கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா?

கேள்வி: வீட்டில் கற்றாழை ஜெல் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஜெல் கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் மெத்தில் பாராபென் கேட்டேன். கடையில் சோடியம் மெத்தில் பாராபெனைக் கொடுத்து, “ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்கள். கிலோவுக்கு 3 கிராம் போட்டுக் கலக்கி, கடைசியில் சிட்ரிக் அமிலமும் சேர்த்தேன். ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டிலில் இப்போது ஊசி ஊசியாக வெள்ளைத் துகள் நிற்கிறது. கலப்படமா? (வாசகி, ஈரோடு)

பதில்: துகளை மட்டும் வைத்துக் கடைக்காரர் மீது பழி போட முடியாது. மெத்தில் பாராபென் தண்ணீரில் லேசில் கரையாது. 1 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம்தான், அதுவும் அறை வெப்பத்தில். அதையே சோடியம் உப்பாக மாற்றினால் பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். சூடாக்கும் வேலை மிச்சம் என்பதால்தான் தொழிற்சாலைகளும் உப்பை வாங்குகின்றன. ஆனால் அந்தக் கரைசல் காரத்தன்மை உள்ளது. நீங்கள் சிட்ரிக் அமிலம் சேர்த்ததும் உப்பு பழையபடி மெத்தில் பாராபென் ஆகிவிட்டது. 3 கிராம் உப்பிலிருந்து கிடைப்பது சுமார் 2.6 கிராம். அறை வெப்பத்திலேயே விளிம்பில் நிற்கும் அளவு அது. ஃப்ரிட்ஜ் குளிரில் ஊசியாக வெளியே வந்துவிட்டது.

அமிலம் சேர்த்ததைத் தப்பு என்று சொல்லமாட்டேன். காரமாகவே விட்டால் தோலுக்கும் ஆகாது, பாராபெனும் நாளடைவில் சிதைந்துபோகும். இதே காரணத்தால் உப்பைக் கரைத்துப் பாட்டிலில் சேர்த்து வைக்காதீர்கள், அன்றன்றைக்குக் கரையுங்கள். அளவை 1.5 கிராமுக்கு இறக்கி, கூடவே ஃபினாக்ஸி எத்தனால் என்ற இன்னொரு பதப்பொருளைச் சேர்ப்பது நல்லது (அதற்கு ஐரோப்பிய உச்சவரம்பு 1 சதவீதம்). பாராபென் பூஞ்சையை நன்றாகத் தடுக்கும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. செடியிலிருந்து வழித்த கற்றாழைச் சோறோ கிருமிகளுக்கு விருந்து. வாசனை எண்ணெயைக் கலக்கப் பாலிசார்பேட் ஊற்றுபவராக இருந்தால் இன்னொன்று: அது பாராபெனைப் பிடித்து வைத்துக்கொண்டு பாதி வேலையைக் கெடுத்துவிடும்.

சரி, கொடுத்த பொருள் சரியானதா? ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பு என்றால் உடனே கரையும், அமில-காரம் காட்டும் பி.எச். தாள் நீலப்பக்கம் (காரப்பக்கம்) போகும். கரையாமல் மிதந்தால் அது சாதாரண மெத்தில் பாராபெனாக இருக்கலாம். தூய்மையை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு ‘ஐ.பி.’ (இந்திய மருந்துத் தர நூல்) தரம், பேட்ச் எண், காலாவதி தேதி அச்சிட்ட சீல் பாக்கெட்டும் பில்லும் வேண்டும். மூட்டையிலிருந்து பாலித்தீன் கவரில் அள்ளித் தருவதை நான் வாங்கமாட்டேன். இந்த உப்பு ஈரத்தை இழுக்கும். கட்டிதட்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். காசுக்கு விற்க அழகுசாதனப் பொருள் தயாரித்தால், அக்கம்பக்கம் என்றாலும், 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் தேவை. அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: குழந்தையின் சிரப் லேபிளில் ‘சோடியம் மெத்தில் பாராபென்’ என்று இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: மருத்துவர் எழுதியது என்றால் கொடுங்கள். நாளுக்கு மூன்று வேளை திறந்து மூடும் இனிப்புத் தண்ணீரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான் அது. உடலில் பெரும்பகுதி பாரா ஹைட்ராக்ஸி பென்சாயிக் அமிலமாகி சிறுநீரில் போய்விடும். வாய்வழி மருந்தில் 0.2 சதவீதம் வரை மெத்தில் பாராபென் குழந்தைகளுக்கும் கவலைக்குரியதல்ல என்று ஐரோப்பிய மருந்து முகமை 2015-இல் சொன்னது. அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும், சில சமயம் தாமதமாகவும் வரும். முன்பு தடிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ‘பாராபென் இல்லாதது’ என்று போட்ட ஷாம்புக்கு 150 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா?

பதில்: அந்த ஒரு வரிக்காக என்றால் வேண்டாம். 2004-இல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டிகளைச் சோதித்தபோது பாராபென் தெரிந்தது. அதிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பயம். ஆரோக்கியமான திசுவோடு அதில் ஒப்பிடவில்லை, புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று நிறுவவும் இல்லை. பயம் முழுக்கக் கற்பனையும் இல்லை. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் ப்ரொபைல், பியூட்டைல் என்ற பாராபென் வகைகளின் அளவைக் குறைத்தது. ஐசோபியூட்டைல் போன்ற சிலவற்றைத் தடையே செய்தது. மெத்தில், எத்தில் இரண்டும் அப்படியே நீடிக்கின்றன.

பாராபெனை எடுத்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்தாக வேண்டும். பல நிறுவனங்கள் மெத்தில் ஐசோதயாசோலினோன் என்ற வேறொரு பதப்பொருளைக் கொண்டுவந்தன. அரிப்பும் தடிப்பும் பெருகி, கழுவாமல் விடும் க்ரீம்களில் ஐரோப்பாவே அதைத் தடை செய்தது. அதனால் முன்பக்க வரியை விட்டுவிட்டுப் பாட்டிலைத் திருப்புங்கள். பின்னால் அந்தப் பெயர் இருந்தால், 150 ரூபாயைக் கொடுத்து அரிப்பை வாங்கிவந்த கதையாகலாம்.