கப்பலேறி வந்த அத்தோ

கேள்வி: சென்னைப் பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டிகளில் விற்கும் அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவு எங்கிருந்து வந்தது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பர்மாவிலிருந்து. 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டதும், தலைமுறைகளாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்கென உருவான பர்மா பஜாரை ஒட்டியே இந்த வண்டிகளும் முளைத்தன. பர்மிய மொழியில் அத்தோ என்ற பெயர் கலந்து பிசைந்த உணவைக் குறிக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வறுத்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள் சேர்த்துக் கடைக்காரர் கையாலேயே பிசைவதைப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். உடன் தரும் வாழைத்தண்டு சூப், மொகிங்கா என்னும் பர்மிய மீன் குழம்பின் வழிவந்தது. இங்கே பெரும்பாலும் மீன் விடைபெற்றுக்கொண்டது, வாழைத்தண்டு தங்கிவிட்டது. (ஆறிப்போனால் அதில் ருசியில்லை என்பது என் கட்சி.)