ஷாக்வேவ் எடுத்த பிறகு குதிகால் வலி கூடினால்

வணக்கம். எட்டு மாதமாகக் குதிகால் வலி, இரண்டு முறை ஷாக்வேவ் சிகிச்சை எடுத்தும் குறையவில்லை, கடைசியாக எடுத்த மறுநாள் வலி கூடிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

ஷாக்வேவ் என்பது மின்சார ஷாக் இல்லை, வலிக்கிற இடத்தில் வெளியிலிருந்து செலுத்தும் அழுத்த அலை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980 முதல் பயன்படும் முறையிலிருந்து வந்ததுதான். ஆறாமல் நின்றுபோன திசுவைத் தூண்டிவிடுவதால் ஓரிரு நாள் வலி கூடுவது சகஜம். வழக்கமாக வாரத்துக்கு ஒன்றாக 3 முதல் 5 முறை கொடுப்பார்கள். முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம்கூட ஆகலாம்.

பயிற்சி பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. படிக்கட்டு விளிம்பில் ஏறி, கால் விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொள்ளுங்கள். 3 வினாடியில் குதிகாலை உயர்த்தி, 2 வினாடி நிறுத்தி, 3 வினாடியில் மெதுவாக இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இது இல்லாமல் ஷாக்வேவை மட்டும் நம்புவது சரியில்லை.

அப்புறம் வலி மாத்திரை. ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை இந்தச் சமயத்தில் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வார்கள். பாராசிட்டமால் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ, சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலோ அடுத்த முறைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கால் மரத்துப்போனாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஊன்றவே முடியாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.