பெயில் பாண்டில் கையெழுத்துப் போடலாமா? கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு மனைவியோடு சண்டை, பக்கத்து வீட்டுக்காரர் 911-க்குப் போன் செய்ய, போலீஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது. பெயில் 50,000 டாலர். கட்டணம் வாங்கிக்கொண்டு பெயில் தொகைக்குப் பொறுப்பேற்கிற பெயில் பாண்ட் கம்பெனிக்காரர், "5,000 கட்டினால் போதும், இப்போது 1,000 கொடுங்கள், மீதி தவணையில். கோசைனராக, அதாவது கூடப் பொறுப்பேற்பவராக, நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் விடிவதற்குள் வெளியே வந்துவிடுவார்" என்கிறார். போடலாமா, விசாவுக்குப் பாதிப்பு வருமா என்று கேட்கிறீர்கள்.

இன்றிரவு போடாதீர்கள். திங்கட்கிழமை வரை பொறுங்கள்.

ஊரில் 'இருநபர் ஜாமீன்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஜாமீன்தாரர் நீதிமன்றத்துக்குப் பொறுப்பாகிறார். ஆள் தப்பினால், எவ்வளவு கட்டவேண்டும் என்பதை நீதிபதி முன்னால் போய்ப் பேச இடம் இருக்கிறது. இங்கே நீங்கள் கையெழுத்துப் போடுவது ஒரு தனியார் கம்பெனியோடு. நீதிமன்றத்துக்குப் பொறுப்பு அந்தக் கம்பெனி, கம்பெனிக்குப் பொறுப்பு நீங்கள். அவர் ஒரு வாய்தாவுக்கு வராமல் போய் பாண்ட் பறிமுதலானால் நீங்கள் கட்ட வேண்டியது 5,000 அல்ல, முழு 50,000. அவரைத் தேடிப் பிடிக்கிற செலவும், கம்பெனியின் வக்கீல் செலவும் அதற்கு மேல். காரின் பத்திரத்தையோ வீட்டையோ ஈடு வைத்திருந்தால் அதன் மேல் கை வைப்பார்கள். இல்லையென்றால் வழக்குப் போட்டுச் சம்பளத்தில் பிடித்தம் செய்வார்கள்.

அந்த 5,000-ம் திரும்பி வராது. வழக்கே பதிவாகவில்லை என்றாலும், நாளைக்கே தள்ளுபடி ஆனாலும் அது கம்பெனியின் கட்டணம். தவணை வாங்கினால் அந்தப் பாக்கிக்கும் நீங்களே பொறுப்பு. தவணைக்கு இன்னொருவரைக் கோசைனர் ஆக்கினால், அவருக்குச் சட்டம் சொல்கிற தனி எச்சரிக்கை நோட்டீஸைக் கொடுத்திருக்க வேண்டும், அது இல்லாமல் கட்டணப் பாக்கியை வசூலிக்க முடியாது என்று 2021 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதனால் எந்தத் தாளையும் வேகமாகப் புரட்டவிடாமல் படியுங்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு கட்டணப் பாக்கியைப் பற்றியது. 50,000-இலிருந்தும் அது உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2010-ல் நானும் இப்படி ஒரு இரவு கையெழுத்துப் போட்டேன். 25,000 டாலர் பெயில். ஆள் நல்லவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். இரண்டு வாய்தாவுக்கு ஒழுங்காகப் போனார். மூன்றாவதற்கு முந்தைய வாரம் ஊரிலிருந்து போன் வந்தது, அம்மாவுக்கு முடியவில்லை என்று. என்னிடம்கூடச் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார். அங்கே போனபின் விசா ரத்தாகிவிட்டது. திரும்பி வர அவரே நினைத்தாலும் வழியில்லை. பறிமுதல் அறிவிப்பு வந்த பிறகு ஆளைக் கொண்டுவர இந்த மாநிலத்தில் 180 நாள் தருகிறார்கள், தபாலில் வந்தால் இன்னும் ஐந்து நாள். அந்த ஆறு மாதமும் காலை ஏழு மணிக்கு ஏஜென்ட்டின் போன். கடைசியில் மூன்று வருடம் தவணை கட்டி முடித்தோம். அந்தப் பணம் என் மனைவி மேற்படிப்புக்குச் சேர்த்து வைத்திருந்தது. அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் ஆளின் குணத்துக்கு இடமே இல்லை. வந்தாரா, வரவில்லையா, அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் விஷயத்தில் இந்தப் பயம் இன்னும் கூடுதல். குடும்ப வன்முறையில் தண்டனை ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையே நாடு கடத்த முடியும். விசாவில் இருப்பவர் மனதில் 'பேசாமல் ஊருக்குப் போய்விடலாமா' என்ற எண்ணம் வராமல் இருக்காது.

ஏன் திங்கட்கிழமை? கைதானவரை ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். உங்கள் கணக்கில் அது திங்கள் அல்லது செவ்வாய். போலீஸ் நிலையத்தில் சொல்கிற 50,000, குற்றத்துக்கு இவ்வளவு என்று முன்பே குறித்துவைத்த அட்டவணைத் தொகைதான். நீதிபதி அதைக் குறைக்கலாம், பணமே வாங்காமல் நிபந்தனையோடு விடலாம். பணம் கட்ட முடியாது என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளே வைக்கக்கூடாது, அவருடைய வசதியையும் பார்க்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஹம்ஃப்ரி வழக்கில் சொல்லிவிட்டது. அன்றைக்கு வக்கீல் கையில் அவருடைய வேலைக் கடிதமும் தங்க ஒரு முகவரியும் இருந்தால் அது பெரிய பலம். மனைவியை நெருங்கக்கூடாது என்று உத்தரவு வர வாய்ப்பு அதிகம், வேறு வீடு வேண்டும். நீங்கள் உதவ நினைத்தால் இதைச் செய்யுங்கள். கையில் 1,000 இருந்தால் குடியேற்றச் சட்டமும் தெரிந்த கிரிமினல் வக்கீலுக்குக் கொடுங்கள். வசதி இல்லையென்றால் அவருக்காக வாதாட அரசே தருகிற வக்கீல் உண்டு, அவர்களைக் குறைத்து எண்ணாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் போய் "புகாரை வாபஸ் வாங்கு" என்று யாரும் பேச வேண்டாம். வழக்கை நடத்துவது அவர் இல்லை, மாவட்ட அரசு வழக்கறிஞர். சாட்சியைத் தடுப்பது இங்கே தனிக் குற்றம், பேசப்போனவர் மேலேயே வழக்கு வரும். முதலில் அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாரா, சாப்பிட்டாரா என்று நம் பெண்கள் யாராவது போய்ப் பார்க்கட்டும். ஜெயிலிலிருந்து வருகிற போன் பதிவாகும். நடந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

விசா? கையெழுத்துப் போடுவது குற்றமில்லை, அது உங்கள் ஹெச்-1பி வேலை விசாவைத் தொடாது. படிவத்தில் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னாலோ, அவர் ஒளிய இடம் கொடுத்தாலோ கதை வேறு.

இதைப் படிக்கும் முன்பே போட்டுவிட்டீர்களா? சரி, பதறாதீர்கள். கையெழுத்திட்ட எல்லாத் தாளுக்கும் நகல் வாங்குங்கள். ஒவ்வொரு வாய்தா தேதியையும் நீங்களே குறித்துவைத்து அவரைக் காரில் கூட்டிப்போங்கள். ஓடிவிடுவார் என்று உறுதியாகத் தெரிந்தால் ஏஜென்ட்டிடம் சொல்லி அவரைத் திரும்ப ஒப்படைக்கக் கேட்கலாம். மனதுக்குக் கஷ்டம்தான், கட்டிய கட்டணமும் போகும், ஆனால் முழுத் தொகையிலிருந்து தப்பிக்கலாம். வழக்கு முடிந்ததும் பாண்ட் விடுவிக்கப்பட்டதற்கான தாளை நீதிமன்றத்தில் வாங்கி, ஈடு வைத்த கார் பத்திரத்தைக் கையோடு திரும்ப வாங்குங்கள்.