வாசகர் கேள்வி – பதில்: ட்ரோன் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் 100 பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் குழு வைத்திருக்கிறோம். அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் வந்த 5 லட்சத்தில் ரோட்டவேட்டரும் (சுழல் கலப்பை) பவர் வீடரும் (களையெடுக்கும் மெஷின்) வாங்கினோம். இப்போது இரண்டும் தலைவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கின்றன. அடுத்து மானியத்தில் மருந்து தெளிக்கும் ட்ரோன் வாங்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: ரோட்டவேட்டர் ஏன் கொட்டகையில் நிற்கிறது என்று தெரியாமல் ட்ரோன் வாங்காதீர்கள் ஐயா. அதுவும் அதே கொட்டகைக்குத்தான் போகும், என்ன, கொஞ்சம் குறைவாக இடம் பிடிக்கும்.

2017-18-ல் அந்தத் திட்டம் வந்தபோது 20 பேருக்கு ஓர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து குழு சேர்ந்தால் ஓர் உற்பத்தியாளர் குழு, அதற்கு 5 லட்சம் என்று கொடுத்தார்கள். உங்கள் ஊரில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. என்ன மெஷின் வாங்குவது என்று நாலு கூட்டம் போட்டிருப்பீர்கள், மணிக்கு எவ்வளவு வாடகை, யார் ஓட்டுவது, டீசல் யார் போடுவது, பிளேடு தேய்ந்தால் யார் காசு, மழை பெய்த மறுநாள் முதலில் யார் வயலுக்குப் போவது என்று ஒரு கூட்டம்கூடப் போட்டிருக்க மாட்டீர்கள். தவறாக இருந்தால் எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

சரி, ட்ரோனுக்கு வருவோம். 10 லிட்டர் டேங்க் உள்ள ட்ரோன் ஓர் ஏக்கரை ஏறக்குறைய பத்து நிமிடத்தில் அடித்துவிடும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் சுமக்கிற இடத்தில் இதற்குப் பத்து லிட்டர் போதும். ஆளை மறைக்கிற மக்காச்சோளத்துக்குள் மருந்து டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு நுழைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கு வேறு மாதிரி. உங்கள் 100 பேரிடம் 150 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு வந்தால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வரும். பேட்டரி மாற்றி, மருந்து கலக்கி, வயல் விட்டு வயல் போய், காற்று ஏறுவதற்குள் நிறுத்தி என்று பார்த்தால் ஒரு நாளைக்கு 20 ஏக்கர் முடிந்தால் பெரிய விஷயம். ஆக 150 ஏக்கருக்கு ஒரு வாரம் தாண்டும், அதுவரை கடைசி ஆள் காத்திருக்க மாட்டார், வாடகைக்கு வெளி ஆளைக் கூப்பிட்டுவிடுவார். மற்ற மாதங்களில் ட்ரோன் சும்மா இருக்கும். ஓட்டாமல் வைத்திருந்தாலும் பேட்டரி கெடும். ட்ரோனை ஓட்ட விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்து, ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கிய ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வருடம் முழுக்க வேலை கொடுக்க உங்களால் முடியுமா?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் (விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிகள்) கருவி வாடகை மையம் வைக்க மத்திய அரசு ட்ரோன் விலையில் 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் என்று மானியம் அறிவித்தது. மீதி உங்கள் கைக்காசு என்பதை மறக்க வேண்டாம். என் யோசனை, இரண்டு பருவம் வாடகைக்கே எடுங்கள். தனி ஆளாகக் கூப்பிட்டால் ஒரு ஏக்கருக்காக யாரும் வர மாட்டார்கள். ஒரே பகுதியில் 40 ஏக்கர் சேர்த்து, தேதி குறித்து, குழுவாகக் கூப்பிட்டால் வருவார்கள், விலையும் பேசலாம். எத்தனை ஏக்கர், எந்தத் தேதி, எவ்வளவு காசு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று அந்த நோட்டு சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் யாராவது பட்டுப்புழுவுக்கு மல்பெரி வைத்திருந்தால் ட்ரோன் மருந்து காற்றில் அங்கே போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இலையைத் தின்ற புழு செத்துவிடும், அப்புறம் ஊருக்குள் முகம் கொடுத்துப் பேச முடியாது.

கேள்வி: சிறு விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து புதிய தொழில்நுட்பத்தை எடுத்து ஜெயித்ததாக எங்காவது உண்டா? இல்லை மேடைப் பேச்சுதானா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: உண்டு, உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே. 2004-05-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் மொத்தம் 400 ஹெக்டேர். உளிக்கலப்பை போட்டு அடிமண்ணின் கெட்டித் தட்டை உடைப்பது, நிழல்வலைக் கூடத்தில் குழித்தட்டில் நாற்று வளர்ப்பது, சொட்டுநீர்க் குழாயிலேயே நீரில் கரையும் உரம். தக்காளி, கத்தரி போட்டவர்கள் அதிகம்.

இதில் எனக்குப் பிடித்தது கருவிகள் அல்ல, சேர்த்த விதம். முதல் வருடம் முழு மானியம், பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். முதல் வருடம் 100 ஹெக்டேர் சேர்ந்தது, அடுத்த வருடம் புதிதாக 200 ஹெக்டேர் சேர்ந்தது. மானியம் இறங்கும்போது பரப்பு ஏறுகிறது என்றால் பக்கத்து வயலைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்திருக்க வேண்டும். விவசாயிகளே சங்கம் வைத்து உரம், இடுபொருள் விலையைக் கம்பெனிகளிடம் மொத்தமாகப் பேசினார்கள். உளிக்கலப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள், சில வருடத்துக்கு ஒருமுறை உழுதால் போதும், இரண்டு ஏக்கர்காரர் அதைச் சொந்தமாக வாங்குவதில் அர்த்தமே இல்லை. குழித்தட்டு நாற்றும் அப்படித்தான், ஒரு கூடம் பல பேருக்கு நாற்று தரும். கூட்டுக்கு ஏற்ற தொழில்நுட்பம் எது, தனி ஆளே வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி என்று கூப்பிடுகிறார்கள். டீ, வடை, போட்டோ, அவ்வளவுதான். அதனால் என்ன பிரயோஜனம்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: வடை நன்றாக இருந்ததா என்று எழுதவில்லையே!

1974-ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் ஆரம்பித்தது உங்களுக்கு எட்டிய தூரத்தில், புதுச்சேரியில்தான். பயிற்சி அவர்கள் வேலையில் ஒரு பங்கு மட்டுமே. விவசாயி வயலிலேயே சோதனை போட்டுப் பார்ப்பது, செயல்விளக்கத் திடல் அமைப்பது ஆகியவையும் அவர்கள் கடமைதான். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. குழுவாக லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். "புதுசா ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால் பொதுவாகத்தான் பேசுவார்கள். "எங்கள் கடலையில் பூ நிறைய வருகிறது, காய் பொக்காகப் போகிறது, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலக்கடலை ரிச் என்ற பயிர் ஊக்கியை அடித்தால் சரியாகுமா, மூன்று வயலில் பாதி அடித்தும் பாதி அடிக்காமலும் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். அந்தப் பாதி அடிக்காத வயல் ரொம்ப முக்கியம், அது இல்லாமல் மகசூல் கூடியது மருந்தாலா மழையாலா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் திடலை ரோட்டோரமாகப் போடுங்கள், பஸ்ஸில் போகிறவனும் பார்க்கட்டும். நிலையத்தின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு, உங்கள் பகுதியிலிருந்து அதில் யார் இருக்கிறார் என்று விசாரித்து அவரைப் பிடியுங்கள்.

கேள்வி: எல்லாமே ஆப் என்கிறார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். என்ன செய்வது?
– வாசகி, கள்ளக்குறிச்சி

பதில்: எல்லோரும் ஸ்மார்ட்போன் வாங்க வேண்டியதில்லை அம்மா, குழுவுக்கு ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையம் நடத்தியது. வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரத்தை இணையத்தில் எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இன்றைக்கும் அந்த முறை செல்லும். செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வேளாண் வானிலை அறிவிப்பு வருகிறது, உழவன் செயலியில் மானியத் தகவலும் இருக்கிறது. படித்த பெண் பிள்ளை ஒருத்தி அதைத் தன் குரலில் சுருக்கிச் சொல்லட்டும், பட்டன் போன்காரர்களுக்குப் பால் சொசைட்டியில் ஒரு போர்டு வையுங்கள். அவளுக்கு மாதச் சம்பளம் என்று ஏதாவது கொடுங்கள், சும்மா செய்யச் சொல்லாதீர்கள்.

கேள்வி: பட்டா மாமனார் பேரில் இருக்கிறது. உழைப்பது நான். உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான் சேர முடியாதா?
– வாசகி, நாமக்கல்

பதில்: தாராளமாகச் சேரலாம். விளைபொருள் சார்ந்த வேலை செய்கிற யாரும் உற்பத்தியாளர்தான் என்கிறது கம்பெனிச் சட்டம். நிலம் உங்கள் பேரில் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆடு வளர்ப்பவரும் குத்தகைதாரரும்கூடச் சேரலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. சிக்கல் மானியத்தில்தான் வரும், சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் தருகிறார்கள் என்றாலும் சிட்டா கேட்பார்கள். விண்ணப்பம் மாமனார் பேரில் போகட்டும், நிறுவனத்தில் பங்கு உங்கள் பேரில் இருக்கட்டும். பத்தாவது முடித்திருந்தால் ட்ரோன் பைலட் பயிற்சிக்கும் தகுதி உண்டு.

கேள்வி: ஒரு கம்பெனி மண் ஈரம் காட்டும் சென்சார் ஒரு பருவத்துக்கு இலவசம் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அடுத்த பருவம் எவ்வளவு, ரிப்பேருக்கு எத்தனை நாளில் ஆள் வரும், உங்கள் வயல் விவரத்தை யாருக்கு விற்பார்கள், இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று வேண்டாம். செம்மண்ணுக்கு ஒன்று, கரிசலுக்கு ஒன்று என்று மண்ணுக்கு ஒன்றாக வைத்தால் குழு முழுக்கப் பார்த்துத் தண்ணீர் விடலாம். வாய்க்கால் ஓரத்தில் நடாதீர்கள், எப்போதும் ஈரம் என்றே காட்டும்.