மலைவீட்டுக் கணப்பும் கரி படிந்த புகைபோக்கியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: குன்னூரில் என் மாமனார் வழியில் வந்த பழைய வீட்டின் கூடத்தில், குளிர்காய விறகு மூட்டும் செங்கல் கணப்பு ஒன்று இருக்கிறது. ஏழெட்டு ஆண்டுகளாக மூட்டாமல் கிடந்ததைச் சென்ற மார்கழியில் மூட்டியபோது, புகை முழுவதும் கூடத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது. மழை நாளில் தார் வாடையும் அடிக்கிறது. சுத்தம் செய்ய ஆள் தேடினால், எல்லோரும் சமையலறைச் சிம்னியா என்றுதான் கேட்கிறார்கள். நாங்களே செய்யலாமா?

பதில்: அதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டார்ச் விளக்கையும் நீண்ட ஆணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, ஆறிக் கிடக்கும் கணப்புக்குள் குனிந்து, புகைபோக்கியின் உட்சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள். கரி தூளாக உதிர்ந்தால் கவலை இல்லை. கம்பித் தூரிகைக்கு அது வந்துவிடும். கீறிய இடம் கறுப்புக் கண்ணாடி போலப் பளபளத்து ஆணி வழுக்கினால், அங்கே இறுகியிருப்பது கிரியோசோட் என்னும் தார்ப் படிவு. ஈர விறகின் நீராவியும் முழுதாக எரியாத புகையும் குளிர்ந்த சுவரில் பட்டு உறைவதால் உண்டாகும் இந்தப் படிவுதான் மழைக்கால வாடைக்கும் பெரும்பாலும் காரணம். இது தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். செங்கல் இடுக்கில் காரை உதிர்ந்திருந்தால், அந்த வழியாகவே கூரையின் மரச்சட்டத்துக்கு நெருப்பு தாவிவிடும். ஆகவே பளபளப்பு தெரிந்தால் நீங்களே சுரண்ட முயல வேண்டாம். பழைய பங்களாக்களில் வேலை செய்து பழகிய கொத்தனாரை அழைத்து, காரை உதிர்ந்த இடங்களையும் அவரிடமே காட்டுங்கள்.

தூள் கரி மட்டும்தான் என்றால் வீட்டிலேயே செய்யலாம். கணப்பின் வாயை ஈரப் போர்வையால் இறுக மூடிவிட்டு, புகைபோக்கியின் அகலத்துக்குப் பொருந்தும் கம்பித் தூரிகையை, ஒன்றோடொன்று திருகிக் கோக்கும் கழிகளில் மாட்டி, மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். பாசி படிந்த ஓட்டின்மேல் பனி ஈரம் காயாத காலை வேளையில் ஏறுவது உயிருக்கே ஆபத்து. நல்ல வெயில் நாளைத் தேர்ந்தெடுங்கள். தேய்த்து முடித்ததும் போர்வையை உடனே எடுக்காமல், தூசி அடங்க ஒரு மணி நேரம் விடுங்கள். கணப்புக்கு மேலே புகைபோக்கி தொடங்கும் குறுகலான தொண்டைக்குப் பின்புறம் ஒரு திண்டு இருக்கும். உதிர்ந்த கரியும் பறவைக் கூட்டின் சுள்ளிகளும் சேர்வது அங்கேதான், பலர் அதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் புகை திரும்பியதற்கும் பழைய கூடு ஒன்று காரணமாக இருக்கலாம். உச்சியில் கம்பி வலை மூடி போட்டுவிட்டால் மறுபடி கூடு கட்டாது. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்னும் லண்டன் அறுவை மருத்துவர் 1775-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: உதகையில் தங்கும் விடுதி நடத்துகிறோம். புதிதாக வெட்டிய சீகை (வாட்டில் மரம்) விறகு மலிவாகக் கிடைக்கிறது, எரிக்கலாமா? சாம்பலைத் தினமும் அள்ள வேண்டுமா?

பதில்: சீகையும் தைல மரமும் நன்றாக எரியும் விறகுதான், ஆனால் காய்ந்த பிறகு. பிளந்து, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களில் காற்றுப் புகும்படி ஓராண்டாவது அடுக்கிவையுங்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், முனையில் வெடிப்பு தெரிய வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் போட வேண்டாம். சாம்பலில் ஓர் அங்குலம் விட்டுவைத்தால் தணல் நன்றாக நிற்கும். மிகுதியை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், மரத் தாழ்வாரத்திலோ அட்டைப் பெட்டியிலோ வைக்கவே கூடாது.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வாடகை வீட்டில் கணப்பு இல்லை. இரவில் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்தால் போதுமா?

பதில்: போதாது. தயவுசெய்து இன்றிரவே நிறுத்திவிடுங்கள். புகையே தெரியாமல் கனலும் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். கணப்பு உள்ள வீடுகளிலும் புகைபோக்கி அடைத்திருந்தால் இதே ஆபத்து உண்டு என்பதால், அந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் கருவியைப் படுக்கையறைக்கு அருகில் மாட்டிவிடுவது அவசியம். தலைவலியும் குமட்டலும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், குளிரைப் பாராமல் குழந்தைகளை முதலில் வெளியே கொண்டுபோய்விட்டு, பிறகு 108-ஐ அழையுங்கள்.