ஓட்டுச்சீட்டில் மாநில செனட்டரைக் காணோமே, ஏன்?

கேள்வி: கலிபோர்னியாவில் மில்பிடாஸில் வசிக்கிறேன். 2023இல் குடியுரிமை கிடைத்து, 2024 நவம்பரில் முதல் ஓட்டுப் போட்டேன். சான் ஹோசேயில் இருக்கும் என் மைத்துனரின் வாக்குச்சீட்டில் மாநில செனட்டருக்கான போட்டி இருந்தது. என் சீட்டில் இல்லை. பதிவில் ஏதாவது கோளாறா? எனக்கு மாநில செனட்டரே கிடையாதா? என் மனைவியிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது. அவர் ஒரு வேலையாக செனட்டர் அலுவலகத்தை அணுகலாமா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. உங்கள் தொகுதியின் முறை அந்த ஆண்டில் வரவில்லை, அவ்வளவுதான்.

கலிபோர்னியா மாநில செனட்டில், அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில், 40 இடங்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டு. ஆனால் நாற்பதுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடப்பதில்லை. இரட்டைப்படை எண் கொண்ட தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தல் நடக்கும் ஆண்டில் (2022, 2026), ஒற்றைப்படைத் தொகுதிகளுக்கு அதிபர் தேர்தல் ஆண்டில் (2024, 2028). நீங்கள் இருப்பது 10ஆம் தொகுதி. மைத்துனர் வீடு, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், 15இல் இருக்கலாம். சான் ஹோசே ஒரே தொகுதிக்குள் அடங்கிய ஊர் இல்லை, அதனால் அவருடைய முழு முகவரியை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மாநில சட்டமன்ற இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் தொகுதி எண் வந்துவிடும். ஜிப் கோடை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிகளில் விழுவது சகஜம்.

இன்னொரு குழப்பமும் நடந்திருக்கலாம். 2024 நவம்பர் சீட்டில் ‘செனட்’ என்று நீங்கள் பார்த்தது தலைநகர் வாஷிங்டனில் உள்ள மத்திய செனட். அதற்குப் போட்டியிட்ட ஆடம் ஷிஃப், ஸ்டீவ் கார்வி இருவர் பெயரும் இரண்டு முறை வந்திருக்கும். முழு ஆறாண்டுப் பதவிக்கு ஒரு போட்டி, காலியான இடத்தின் மிச்சக் காலத்துக்கு ஒரு போட்டி. மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் உட்காரும் மாநில செனட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம்மில் பலர் ‘மேலவை’ என்றதும் பழைய தமிழ்நாட்டு மேலவையையோ ராஜ்யசபாவையோ நினைத்துக்கொண்டு, கௌரவப் பதவி என்று விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. இங்கே மாநில செனட்டரை மக்கள் நேரடியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதியில் சுமார் 9 லட்சத்து 88 ஆயிரம் பேர். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் மூன்றைச் சேர்த்தால் வரும் அளவு. வேடிக்கை என்னவென்றால், கலிபோர்னியாவுக்கு வாஷிங்டன் பிரதிநிதிகள் சபையில் 52 இடங்கள் இருப்பதால், மாநில செனட்டரின் தொகுதி வாஷிங்டன் பிரதிநிதியின் தொகுதியைவிடப் பெரியது!

தொகுதிகள் இப்படிச் சமமாக இருப்பதுகூட அண்மைக் காலத்து விஷயம்தான். 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டியின் (நம் மாவட்டம் போன்றது) 60 லட்சம் பேருக்கும் ஒரே ஒரு மாநில செனட்டர். மலைப்பக்கம் அல்பைன், இன்யோ, மோனோ ஆகிய மூன்று கவுண்ட்டிகளின் 14 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஒருவர். 1964இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில், மாநில மேலவையானாலும் மக்கள்தொகைப்படிதான் தொகுதி பிரிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே இது மாறியது.

இப்போது எல்லைகளை வரைவது அரசியல்வாதிகள் இல்லை, 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம். ஜனநாயகக் கட்சியினர் ஐந்து பேர், குடியரசுக் கட்சியினர் ஐந்து பேர், இரண்டிலும் சேராதவர்கள் நான்கு பேர். பத்தாண்டுக்கு ஒருமுறை வரைகிறார்கள். 2021இல் அவர்கள் கோடு மாற்றியபோது ஒரு சங்கடம் வந்தது. 2018இல் இரட்டைப்படைத் தொகுதியில் ஓட்டுப் போட்டவர்கள் சிலர் புது வரைபடத்தில் ஒற்றைப்படைக்குள் போய்விட்டார்கள். அடுத்த ஓட்டுக்கு அவர்கள் 2024 வரை, அதாவது ஆறு ஆண்டு, காத்திருக்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பக்கம் போனவர்களோ 2020இல் போட்டுவிட்டு 2022இல் மறுபடியும் போட்டார்கள். 2025 நவம்பரில் 50ஆம் முன்மொழிவு (மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவுசெய்யும் திட்டம்) நிறைவேறி வரைபடம் மாறியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்கு மட்டும். உங்கள் மாநில செனட் எல்லையில் எந்த மாற்றமும் இல்லை.

ஆக, உங்களுக்கு செனட்டர் உண்டு. நீங்கள் குடியுரிமை வாங்குவதற்கு முந்தைய ஆண்டே, 2022இல், தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆயிஷா வஹாப். அந்தப் போட்டியைக் கொஞ்சம் பாருங்கள். நவம்பரில் அவரோடு மோதியவர் அப்போதைய ஃப்ரீமான்ட் மேயர் லில்லி மெய். இருவருமே ஜனநாயகக் கட்சி! 2010இல் மக்கள் ஏற்ற 14ஆம் முன்மொழிவின்படி பிரைமரியில், அதாவது நவம்பருக்கு முன் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில், கட்சி வேறுபாடின்றி எல்லோரும் ஒரே சீட்டில் நிற்பார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். பிரைமரியில் ஒருவர் பாதிக்கு மேல் வாங்கினாலும் நவம்பரில் மறுபடி மோதியே ஆக வேண்டும். நம் ஆட்கள் நவம்பருக்கு மட்டும் எழுந்திருக்கிறார்கள். இதுபோன்ற தொகுதியில் யாரோடு யார் என்பது பிரைமரியிலேயே முடிவாகிவிடும். எனவே 10ஆம் தொகுதிக்காரர் நீங்கள் 2026இல் நவம்பர் 3ஐ மட்டுமல்ல, பிரைமரி நாளான ஜூன் 2ஐயும் கணக்கில் வைக்க வேண்டும். எந்தக் கட்சியிலும் சேராமல் பதிந்திருந்தாலும் இதில் ஓட்டுப் போடலாம்.

இந்தப் பதவியால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம்: 2023இல் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யும் எஸ்பி 403 மசோதாவைக் கொண்டுவந்தவர் இதே வஹாப்தான். செனட்டில் 34க்கு 1 என்று தேறியது, கீழவையான அசெம்பிளியிலும் நிறைவேறியது. ஏற்கெனவே உள்ள சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் அக்டோபரில் கையெழுத்திட மறுத்துவிட்டார். நீங்கள் அதை ஆதரித்தீர்களா எதிர்த்தீர்களா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பே ஏரியாவின் இந்தியக் குடும்பங்கள் அத்தனை பேசிய அந்த விவகாரம் கிளம்பியது உங்கள் தொகுதி செனட்டரின் மேசையிலிருந்து.

சரி, மனைவியின் விஷயம். தாராளமாக அணுகலாம். ஓட்டுரிமை குடிமக்களுக்குத்தான். ஆனால் தொகுதியின் மக்கள்தொகைக் கணக்கில் கிரீன் கார்டு, எச்-1பி, குழந்தைகள் எல்லோரும் சேர்த்தி. அங்கே வசிப்பவர் என்றாலே போதும். எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிஎம்வி ஓட்டுநர் உரிமம், இடிடியின் வேலையிழப்பு உதவித்தொகை, மாநில வருமான வரி, மெடி-கால் எனும் மாநில மருத்துவ உதவி, நர்சிங் போன்ற தொழில் உரிமங்கள் எங்காவது சிக்கி நின்றால் மாநில செனட்டரின் தொகுதி அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது உங்கள் அசெம்பிளி உறுப்பினரிடம் போகலாம். கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பம், அமெரிக்க பாஸ்போர்ட் எல்லாம் மத்திய அரசு வேலை. அதற்கு வாஷிங்டன் பிரதிநிதியின் அலுவலகம். மாறிப் போனால் வீண் அலைச்சல்.

போகும்போது வழக்கு எண், இதுவரை வந்த கடிதங்களின் நகல், எந்தத் தேதியில் யாரிடம் பேசினீர்கள் என்ற குறிப்பு இவற்றை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் சார்பாகத் துறையிடம் விசாரிக்க அனுமதிப் படிவம் ஒன்றில் கையெழுத்து கேட்பார்கள். நீங்கள் அல்ல, சிக்கலில் இருப்பவரே, அதாவது உங்கள் மனைவியே, அதில் கையெழுத்திட வேண்டும்.