பட்டைகளுக்கு அப்பால் ஒரு டேஷ்போர்டு

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரவுப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆர்டர், உற்பத்தி, தாமதம் ஆகியவற்றின் நிலையை ஒரே திரையில் படங்களாகக் காட்டும் டேஷ்போர்டுகளைப் பவர் பிஐ என்ற மென்பொருளில் தயாரிக்கிறேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதாக மேலாளர் குறைப்படுகிறார். எனக்கு ஓவியம் வராது. காட்சிக் கற்பனையைக் கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முடியும், ஓவியம் வராதது இதற்குத் தடையே இல்லை. மென்பொருளைத் திறந்த பிறகுதான் நீங்கள் யோசிக்கத் தொடங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அது முதலில் நீட்டுவது பட்டைப் படமும் வட்டப் படமும்தான்; அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பின் மிஞ்சுவது நிறம் மாற்றும் வேலை மட்டுமே.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸும் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அவருடன் இருந்தவர்களும் கையால் வரைந்த வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களில் 1890-இல் நகரவாசிகள் எத்தனை பேர், கிராமவாசிகள் எத்தனை பேர் என்பதை அவற்றுள் ஒன்று காட்டுகிறது. பெரிய நகரங்களில் இருந்தவர்கள் 78,139 பேர். கிராமப்புறங்களில் 7,34,952 பேர். இரண்டாவது எண்ணுக்குரிய பட்டை தாளுக்குள் அடங்காது என்னும்போது நாமாக இருந்தால் அளவைச் சுருக்கியிருப்போம். அவர்களோ அந்தச் சிவப்புப் பட்டையை முறுக்குப் பிழிந்தது போலச் சுருட்டிவிட்டார்கள். கிராமங்களில் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பது பார்த்தவுடனே மனத்தில் பதிகிறது. தரவு கொடுத்த இடைஞ்சலே அங்கு வடிவமாயிற்று.

அதற்காக நாளையே சுருள் பட்டை வரைந்துவிடாதீர்கள். கண்காட்சிப் படத்தை ஒருவர் ஒருமுறை நின்று பார்ப்பார். டேஷ்போர்டைத் தினமும் காலையில் அவசரமாகப் பார்ப்பார். ஒரே அளவுகோலில் உள்ள இடத்தை ஒப்பிடுவதில் கண் துல்லியமானது என்றும், கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறும் என்றும் புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். வேகமானி வடிவப் படங்கள் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன்; ஓர் எண்ணைச் சொல்ல அத்தனை இடம் எதற்கு?

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது, பிரிட்டனின் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்ட ‘வெப்பக் கோடுகள்’ என்ற படம். ஆண்டுக்கு ஒரு கோடு. குளிர்ந்த ஆண்டு நீலம், வெப்பமான ஆண்டு சிவப்பு. அளவு காட்டும் அச்சுக்கோடும் இல்லை, எண்ணும் இல்லை. இதே முறையில் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை வைத்து, நாளுக்கு ஒரு கோடு இட்டு, தாமதம் கூடக்கூட நிறத்தை அடர்த்தியாக்கிப் பாருங்கள். சாயத்தில் விழுந்த தாமதம் எத்தனை நாள் கழித்துத் தையலுக்கு இறங்குகிறது என்பது, அப்படி ஒரு தொடர்பு உண்மையிலேயே இருந்தால், படிக்கட்டு போலத் தெரியும். ஐந்து தனித்தனிப் பட்டைப் படங்களில் இது எளிதில் கண்ணில் படாது. ஒரே நிறத்தின் அடர்த்தி போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், எந்த அலுவலகத்திலும் இருக்கக்கூடும்.

பயிற்சி என்று கேட்டால், வாரம் ஒருமுறை கணினியை மூடிவிட்டு, ஒரே எக்செல் அட்டவணையை வெள்ளைத் தாளில் ஆறு விதமாகக் கிறுக்குங்கள். முதல் மூன்றும் நீங்கள் ஏற்கெனவே அறிந்தவையாகவே இருக்கும். நான்காவதிலிருந்துதான் கை திணறும், அந்தத் திணறலுக்காகவே இந்தப் பயிற்சி. பிறகு அவற்றுள் இரண்டை எடுத்துக்கொண்டு தையல் பிரிவு மேற்பார்வையாளரிடம் போங்கள். எதையும் விளக்காமல் தாளை நீட்டி, அவருடைய விரல் முதலில் எங்கே போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.